நடுப்படத்துப் புள்ளிகள்

காலையில் கணினியைத் திறந்ததும் மேனுகா முதலில் ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திரை நிறைய விரிப்பாள். மேசை லாச்சியை இழுத்துக் கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியை எடுத்து, திரையை மேலிருந்து கீழாக ஒரே திசையில் துடைப்பாள். பிறகு கதிரையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் அந்த வெள்ளையைப் பார்ப்பாள். பார்வையை இடமிருந்து வலமாக மெல்ல ஓட்டுவாள். கூடவே ஓடி வரும் புள்ளி அவளுடையது. ஓடாமல் நிற்கும் புள்ளி திரையுடையது. அவளுடையவை மூன்று. ஒன்று கடுகளவு. ஒன்று அறுந்த நூல்முனை. மூன்றாவது, நீர்க்குமிழி மாதிரி நடுவில் வெளிச்சமும் ஓரத்தில் கறுப்புமாக மிதந்து, பார்க்கப் போனால் விலகி, விட்டால் திரும்பி வரும். மூன்றும் மூன்றாகவே இருக்கின்றன என்று கண்டபின் அந்தக் கண்ணைப் பொத்தி மற்றக் கண்ணைத் திறப்பாள். கடைக்காரர் வீரபாகு முன்பக்கத்தில் பிள்ளையார் படத்துக்குச் சாம்பிராணி காட்டி முடிப்பதற்குள் இந்த எண்ணிக்கை முடிந்துவிடும். அவர் கற்பூரத்தட்டோடு உள்ளே வரும்போது மேனுகா யாரோ ஒருவருடைய கல்யாணப் படத்தைத் திறந்து வைத்திருப்பாள்.

நான்கு மாதமாக இது நடந்தது. ஒருவருக்கும் தெரியாது.

கிளிநொச்சியில் ஏ-ஒன்பது வீதியோரம், கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட, வீரபாகுவின் ஒளிமுகம் ஸ்ரூடியோ இருக்கிறது. முன்னால் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பார்கள். பின்னால் பதாகைப் பனர் அடிக்கும் பெரிய மெசின். இரண்டுக்கும் நடுவில், பலகை மறைப்புக்குள், மேனுகாவின் கதிரை. பழுதான படங்களைத் திருத்துவது அவளுடைய வேலை. சண்டைக்காலத்தில் பொலித்தீனில் சுற்றி மண்ணில் புதைத்து எடுத்தவை, களப்பின் உப்புத் தண்ணீரில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை, பூஞ்சணம் பிடித்து முகமெல்லாம் புள்ளி விழுந்தவை என்று பன்னிரண்டு வருடமாக வந்துகொண்டே இருக்கின்றன. குறைந்தபாடில்லை. ஒரு வீட்டில் ஒரேயொரு படந்தான் மிஞ்சியிருக்கும். அதை வைத்துத்தான் திவசம், அதை வைத்துத்தான் மரணச் சான்றிதழ், வெளிநாட்டிலிருக்கும் பேரப்பிள்ளைக்கு அனுப்புவதும் அதைத்தான்.

வேலைக்கு வந்த முதல் வருடம் ஒரு தாய் தன் மகனுடைய படத்தைக் கொண்டுவந்தார். திரும்பி வராத மகன். பூஞ்சணம் முழுவதையும் மேனுகா துடைத்து, முகத்தைப் பளிங்கு மாதிரி ஆக்கிக் கொடுத்தாள். தாய் வெகுநேரம் பார்த்தார். பிறகு படத்தை மேசையில் வைத்து, "வடிவாத்தான் இருக்கு பிள்ளை. ஆனா இது அவன் இல்லை" என்றார். இடது கண்ணுக்குக் கீழே இருந்த மச்சமும் பூஞ்சணத்தோடு போயிருந்தது. அன்றிலிருந்து மேனுகா எந்தப் படத்தைத் தொடுமுன்னும் வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுத்து, எங்கெங்கே மச்சம், எங்கே தழும்பு, அம்மாள் வருத்தம் போட்ட அம்மை வடு உண்டா என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வைப்பாள். வீரபாகு அதற்கு மச்சக் கொப்பி என்று பெயர் வைத்திருந்தார். "ஐயர் சாதகம் எழுதுற மாதிரி எழுதுறா" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் கொப்பி முடியுமுன்னம் அடுத்த கொப்பியை வாங்கி வைப்பதும் அவர்தான்.

அவளுக்குத் தெரிந்த தொழில் பார்ப்பது ஒன்றுதான். அதனால்தான் அந்த மூன்று புள்ளிகளும் அவளை அவ்வளவு பயமுறுத்தின. அம்மா இலட்சுமிக்கும் இப்படித்தான் தொடங்கியது. கண்ணுக்குள் பூச்சி பறக்கிறது என்று சொல்லிக்கொண்டே இரண்டு வருடம் வயலுக்குப் போய்வந்தாள். அது சீனி வருத்தம், நீரிழிவு, என்று தெரிந்தபோது ஒரு கண் போய்விட்டது. மற்றது அடுத்த மாரிக்குள் போனது. அம்மாவின் ஆட்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து மலையாளபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். இத்தனை வருடம் வன்னியில் இருந்தும் அவளுடைய பேச்சு மட்டும் மலையை விட்டு இறங்கவில்லை. பார்வை போனபின் காது கூர்மையாகிவிட்டது. ஒரு நாள் கேட்டாள்: "ஏன்டி புள்ள, இப்பல்லாம் வாசல்ல நின்னு நின்னுதானே உள்ள வர்ற? அங்க யாரப் பாக்குற?"

வெள்ளை அடித்த வெளிச்சுவரில் மேனுகா புள்ளிகளை எண்ணிக்கொண்டு நின்றதை அம்மா காலடிச் சத்தத்தில் கண்டுபிடித்திருந்தாள். செருப்பில் சேறு, அதைத் தேய்த்தேன் என்று மேனுகா சொன்னாள். அது ஆடி மாதம். மழையே இல்லாத நாளில் சேற்றுக்கு எங்கே போவது? அம்மா மேலே ஒன்றும் கேட்கவில்லை. கணவன் திலீபனிடமும் மேனுகா சொல்லவில்லை. சொன்னால் உடனே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். போனால் சீனி என்று சொல்லிவிடுவார்கள். சொல்லாதவரைக்கும் அது வெறும் மூன்று புள்ளிதான்.

அந்த ஆடியில்தான் சுமித்திரா ரீச்சர் வந்தார். கண்டாவளைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர், முப்பது வயது இருக்காது. மாவட்ட விஞ்ஞானக் கண்காட்சிக்கு அவருடைய பிள்ளைகள் ஒரு பெரிய பனர் வைக்கப்போகிறார்களாம். நெபுலா என்கிற வானத்து மேகம் ஒன்றின் மூன்று படங்கள், பக்கத்தில் பக்கத்தில். விளக்கத்தைப் பிள்ளைகளே கையால் எழுதி ஒட்டுவார்கள், படம் மட்டும் போதும் என்றார். பஸ் வெளிக்கிடப் போகிறது என்று வாசலைப் பார்த்துப் பார்த்தே பேசினார். பென்டிரைவை மேனுகாவின் கையில் வைத்து, "அக்கா, கொஞ்சம் கிளியரா அடிச்சுத் தாங்கோ. வியாழக்கிழமை பின்னேரம் வந்து எடுக்கிறன், வெள்ளிக்கிழமை விடியக் கண்காட்சி" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மேனுகா மூன்றையும் திறந்தாள்.

முதலாவது, பச்சையும் நீலமும் கலந்த தண்ணீருக்குள் மூன்று புற்றுகள் எழும்பி நிற்பதைப் போல இருந்தது. மண்ணிறத்தில், கனமாக, கைவைத்தால் சூடு தெரியும் போல. இரண்டாவதும் அதே மூன்று புற்றுகள்தான். ஆனால் யாரோ பின்னால் விளக்கேற்றி வைத்த மாதிரி ஓரங்களெல்லாம் செம்மஞ்சளாய்க் கசிந்தன, மண் பாதி கரைந்து நின்றது. மூன்றாவதில் அவை எரிந்து முடிந்த சாம்பலாக இருந்தன.

அதல்ல அவளைத் திடுக்கிட வைத்தது. நடுப்படம் முழுக்கப் புள்ளிகள். ஆயிரக்கணக்கில், வெள்ளையும் மஞ்சளும் சிவப்புமாக, புற்றுகளுக்கு உள்ளேயும் வெளியேயும், உப்பை அள்ளி எறிந்ததைப் போல. முதற்படத்தில் ஆங்காங்கே சில இருந்தன. மூன்றாவதில் அநேகமாக ஒன்றுமில்லை. நடுவில் மட்டும் இப்படி.

மூன்று புள்ளி ஒரே நாளில் மூவாயிரமாகிவிட்டதென்று நினைத்தாள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணை மெல்ல ஓட்டினாள். புள்ளிகள் ஓடவில்லை. மற்றக் கண்ணால் பார்த்தாள். அப்போதும் ஓடவில்லை. எழுந்து போய் ஒரு கோப்பை தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னொரு தடவை பார்த்தாள். படத்தில் ஒட்டியபடியே இருந்தன.

அப்பாடா என்று இருந்தது. கண்ணில் இல்லை, படத்தில்தான். படத்தில் என்றால் அது அவளுக்குப் பழகின சங்கதி. ஒரே ஆளின் மூன்று படம் வந்தால் அவள் எப்போதும் செய்கிற கணக்குத்தான்: இரண்டில் இல்லாத புள்ளி ஒன்றில் மட்டும் இருந்தால் அது மச்சம் இல்லை, பூஞ்சணம். கிளியராக வேண்டுமென்று ரீச்சரும் சொல்லியிருக்கிறார். கொப்பியை எடுத்தாள், வைத்தாள். வானத்தின் மச்சத்தை யாருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்பது?

இரண்டு நாள் வேலை செய்தாள். பொடிப் புள்ளிகளுக்கு மென்பொருளில் தூசி எடுக்கவென்றே ஒரு கட்டளை இருக்கிறது. அதற்கு அடங்காத பெரியவற்றைக் கையால், பக்கத்து நிறத்தை எடுத்து ஒட்டி ஒட்டி மறைத்தாள். எட்டுக் கதிர் விரித்துப் பூ மாதிரி நின்ற பத்துப் பன்னிரண்டை மட்டும், வடிவாக இருக்கிறதென்று விட்டுவிட்டாள். புதன்கிழமை மத்தியானம் நடுப்படம் துப்புரவாகி, முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே உடன்பிறப்பு மாதிரி நின்றது. வீரபாகு எட்டிப்பார்த்து, "கடவுளுக்கே முகம் கழுவி விட்டிட்டீர்" என்றார். அன்று வீட்டுக்குப் போகும்போது அவள் வாசலில் நிற்கவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் ரீச்சர் வந்ததும் வீரபாகு பனரை நிலத்தில் விரித்துக் காட்டினார். எட்டு அடி நீளம். ரீச்சர் முதற்படத்தைப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டாவதுக்கு வந்ததும் அப்படியே குந்தி இருந்துவிட்டார். விரலால் பனரைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணை, இதில இருந்த நட்சத்திரங்கள் எங்க?"

வீரபாகு மேனுகாவைப் பார்த்தார். மேனுகா பனரைப் பார்த்தாள். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கிய வேகத்தில் காதெல்லாம் சூடாகியது. வீரபாகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மெசினில் பிழை இருக்கும் தங்கச்சி, வெள்ளை மை சில நேரம் அடைத்துக்கொள்ளும் என்று தொடங்கினார். அந்த மெசினில் வெள்ளை மை என்று ஒன்றே கிடையாது. அது மேனுகாவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"மெசின் இல்லை அண்ணை" என்றாள் மேனுகா. "நான்தான் துடைச்சனான்."

"எதைத் துடைச்சனீர்?" என்றார் வீரபாகு.

"புள்ளியளை. ரெண்டு படத்தில இல்லை, ஒண்டில மட்டும் கிடந்துது. பூஞ்சணம் எண்டு நினைச்சன்."

வீதியில் யாழ்ப்பாணம் போகும் பஸ் ஒன்று ஹோனை அழுத்திக்கொண்டே போனது. ரீச்சரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று மேனுகா நினைத்தாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ அக்கா, அதுகளைக் காணத்தானே அவ்வளவு பாடுபட்டு அந்தத் தொலைகாட்டியை மேல அனுப்பினவை. நீங்கள் வடிவானதுகளை மட்டும் விட்டிட்டு மிச்சத்தைக் கூட்டி அள்ளிப்போட்டியள்."

பிறகு பனரின் மேலேயே சம்மணம் கட்டி இருந்து சொன்னார். மூன்றும் ஒரே இடம். ஆறாயிரத்து ஐந்நூறு ஒளியாண்டு தூரத்தில் இருக்கிற வாயுவும் தூசியும். முதலாவது ஹபிள் தொலைகாட்டி எடுத்தது, எங்கள் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தில். அந்த வெளிச்சம் தூசிக்குள்ளால் வராது, அதனால் புற்று மாதிரி இறுகித் தெரிகிறது. மற்ற இரண்டும் ஜேம்ஸ் வெப் எடுத்தவை, சிவப்புக்குக் கீழே இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரில். அந்தக் கதிர் தூசியை ஊடுருவி வரும். அதனால் நடுப்படத்தில், உள்ளேயும் பின்னாலும் நிற்கிற நட்சத்திரமெல்லாம் தெரிகின்றன. மூன்றாவது இன்னும் நீண்ட அலை. அதில் தூசிதான் ஒளிரும், நட்சத்திரங்கள் மங்கிவிடும்.

"புள்ளி இருக்கிறதும் சரி, இல்லாததும் சரி. எதால பாக்கிறம் எண்டதில இருக்கு" என்று ரீச்சர் முடித்தார்.

மேனுகா கேட்டுக்கொண்டுதான் நின்றாள். ஆனால் வாயில் வந்தது வேறு. "அண்ணை, என்ர கண்ணில நாலு மாசமாப் புள்ளி தெரியுது" என்றாள். சொன்னபின் நிறுத்த முடியவில்லை. காலையில் வெள்ளைப் பக்கம் திறப்பதையும், சுவரில் எண்ணுவதையும், அம்மாவின் கண் போன விதத்தையும், நடுப்படத்தைத் திறந்தபோது பயந்துபோனதையும் நின்ற நிலையிலேயே சொன்னாள். இனி இந்தக் கதிரையில் வேறு யாரையாவது வைப்பதென்றால் வையுங்கள், எனக்குக் கோபம் இல்லை என்றும் சொன்னாள்.

வீரபாகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சேட்டு நுனியால் துடைத்து, திரும்பப் போட்டார்.

"கதிரையில வேற ஆர் இருக்கிறது? நானோ? எனக்கு மூக்குக்கும் மச்சத்துக்கும் வித்தியாசம் தெரியாது" என்றார். "கதிரை எங்கயும் போகாது. நீர் திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போம். இப்ப அந்தப் பழைய படத்தை எடும், இருக்குத்தானே?"

இருந்தது. தொடாத மூலப்படத்தைத் தனிக்கோப்பில் போட்டுவிட்டு, பிரதியில் மட்டும் கை வைப்பது அவளுடைய வழக்கம். பத்து நிமிடத்தில் மெசின் மறுபடியும் ஓடத் தொடங்கியது. மூவரும் அதன் முன்னால் நின்றார்கள். அச்சுத்தலை இடமும் வலமும் போய்வர, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இரண்டு விரல் அகலம் வானம் வெளியே வந்தது. நடுவில், அது வர வர, நட்சத்திரங்களும் வந்தன. மேனுகா பழக்கதோஷத்தில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றதை ஓட்டிப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. இரண்டு நாளாகத் தான் ஒவ்வொன்றாய் அணைத்தவையெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. அவளுடைய மூன்று மட்டும் அவற்றுக்கு மேலால் மிதந்து போயின.

பனரைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு ரீச்சர் கடைசி பஸ்ஸுக்கு ஓடினார்.

திங்கட்கிழமை வவுனியாவில் கண் கிளினிக். வியாழன் இரவே திலீபனிடம் சொல்லியிருந்தாள். அவன் "நாலு மாசமோ? நான் உழவு மெசினில ஒரு நட்டுக் கழண்டாலே ஊரைக் கூட்டுறன்" என்று மட்டும் சொன்னான். திங்களன்று வேலைக்குப் போகாமல் கூடவே வந்தான். கண்ணுக்கு மருந்துவிட்டு ஒரு மணித்தியாலம் நீள வாங்கில் இருத்தினார்கள். அடுத்த வரிசையில் இருந்தவர்களின் முகமெல்லாம் கரைந்து, நனைந்த படம் போல ஆயின. விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். பிறகு இருட்டறைக்குள் முகத்தை முன்னுக்கு நீட்டி நாடியை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லிக் கண்ணின் பின்புறத்தைப் படம் எடுத்தார்கள்.

டொக்டர் படத்தைத் திரையில் போட்டார். செம்மஞ்சள் நிறத்தில் ஒரு வட்டம், அதற்குள் வேர்விட்ட சிவப்பு நரம்புகள். மேனுகா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். மங்கலாகத் தெரிந்தாலும் ஓரத்தில் ஒரு சாம்பல் புள்ளி இருப்பதைத் தொழில்காரியின் பார்வை பிடித்துக்கொண்டது.

"அந்தப் புள்ளி, டொக்டர்?"

டொக்டர் குனிந்து பார்த்தார். "அதோ? அது கமரா லென்சில தூசி. எல்லாற்ற படத்திலயும் இருக்கு. துடைக்கச் சொல்லி எத்தனை தரம் சொல்லிப்போட்டன்."

மேனுகாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. டொக்டர் அவளைப் பார்த்தார், பிறகு திலீபனைப் பார்த்தார். திலீபன் தனக்கும் தெரியாதென்று தோளைக் குலுக்கினான். கண்ணுக்குள் இருக்கிற கூழ் சிலருக்கு வயதுக்கு முன்னமே சுருங்கத் தொடங்கும், அதன் நிழல்தான் புள்ளியாக மிதப்பது என்று டொக்டர் சொன்னார். பார்வைக்குப் பழுதில்லை. சீனி இல்லை, இரத்தத்திலும் இல்லை, கண்ணிலும் இல்லை. புள்ளிகள் போகாது, ஆனால் பழகிவிடும். திடீரென்று கனக்கப் புள்ளி வந்தால், அல்லது மின்னல் மாதிரி வெட்டினால், ஒரு நாளும் பிந்தாமல் ஓடி வரவேண்டும். தாய்க்குச் சீனி என்றபடியால் வருடம் ஒருமுறை வந்து காட்டவும் வேண்டும்.

வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. மேனுகா தோளில் கிடந்த சோல் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். திலீபன் கையைப் பிடித்து வீதியைக் கடத்தி, பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் இருத்தினான். காலையிலிருந்து பச்சைத்தண்ணி பல்லில் படவில்லை. அவள் இரண்டு ரோல்ஸும் ஒரு வடையும் சாப்பிட்டு, பிளேன்ரீயை ஊதி ஊதிக் குடித்து, அவனுடைய வடையிலும் பாதியை எடுத்துக்கொண்டாள். கண்மருந்தின் மங்கலில் எதைச் சாப்பிடுகிறாளென்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தான். கனநாளைக்குப் பிறகு அவள் வயிறு நிறையச் சாப்பிடுவதை அப்போதுதான் கவனித்தான்.

வீட்டில் அம்மா முற்றத்தில் கதிரை போட்டு இருந்தாள். சீனி இல்லையாம் என்று மேனுகா சொன்னதும், அம்மா அவளுடைய முகத்தை இரண்டு கையாலும் தடவி, இமை இரண்டையும் பெருவிரலால் தொட்டுப் பார்த்தாள். "அதான் பாத்தேன், செருப்புல என்னாடி அவ்வளவு சேறுன்னு" என்றாள்.

கண்காட்சியில் ரீச்சரின் பிள்ளைகளுக்கு இடம் ஒன்றும் கிடைக்கவில்லை. கழிவுநீரைத் துப்புரவாக்கும் இயந்திரம் ஒன்று செய்த இன்னொரு பள்ளிக்கூடம் மாகாண மட்டத்துக்குப் போனது. ஆனால் நெபுலாவுக்கு முன்னால்தான் சனம் கூடுதலாக நின்றதாம். பிழையாக அடித்த பனரைத் திலீபன் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். மாரிக்கு முன் அது மலையாளபுரத்தில் ஆட்டுக்கொட்டிலின் கூரையில் ஏறிவிட்டது.

கண்காட்சி முடிந்து மூன்று கிழமை கழித்து, பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவுக்குச் சான்றிதழ் அடிக்க ரீச்சர் வந்தார். இந்தமுறை பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அன்றைக்குச் சொல்ல மறந்த ஒன்றைப் பிறகு வாசித்து அறிந்ததாக, பலகை மறைப்புக்குள் வந்து மேனுகாவின் பக்கத்தில் இருந்து சொன்னார். தொலைகாட்டிகளிலிருந்து படம் நிறத்தோடு வருவதில்லையாம். கறுப்பு வெள்ளையில்தான் வரும், அதுவும் புள்ளி விழுந்து, கீறல் விழுந்து. விண்வெளியில் பறந்து திரியும் நுண்ணிய துணிக்கைகள் கமராவில் பட்டால், படத்தில் அச்சொட்டாக நட்சத்திரம் மாதிரியே ஒரு புள்ளி விழும். அதைத் துடைத்து எடுக்கவென்று ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரே இடத்தைப் பல தடவை எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்ப்பார்கள். எல்லாவற்றிலும் நிற்கிற புள்ளியைத் தொடமாட்டார்கள். ஒன்றில் மட்டும் இருந்து மற்றவற்றில் இல்லாத புள்ளியைத் துடைத்துவிடுவார்கள். ஆனால் ஒப்புப்பார்க்கிற அந்தப் படங்கள் எல்லாம் ஒரே தொலைகாட்டியால், ஒரே வகை வெளிச்சத்தில் எடுத்தவையாக இருக்கவேண்டும். மேனுகாவின் கணக்கும் அதுவேதான்; அந்தக் கடைசி நிபந்தனை மட்டும் அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது.